மைத்ரேயி இராமகிருஷ்ணன்: போர் துரத்திய குடும்பத்தின் மகள் திரைக்கு வந்த வழி

மைத்ரேயி இராமகிருஷ்ணன் 2001 டிசெம்பர் 28ஆம் திகதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள மிசிசாகா நகரில் பிறந்தவர். போர் காரணமாக இலங்கையிலிருந்து ஏதிலிகளாகச் சென்ற தமிழ்க் குடும்பத்தின் மகள். 17 வயதில், பாடசாலை மேடையைத் தவிர வேறு எந்த நடிப்பு அனுபவமும் இல்லாத நிலையில், நெற்பிளிக்ஸ் நிறுவனத்தின் 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரின் முதன்மைப் பாத்திரத்துக்குத் தெரிவானார். 2020 முதல் 2023 வரை நான்கு பருவங்கள் ஓடிய அந்தத் தொடரின் பின்னர் இன்று திரைப்படங்களில் நடித்து வருகிறார்.

இவரைப் பற்றிய செய்திகள் நம்மவர் பக்கங்களில் வரும்போது பெரும்பாலும் ஒரு படமும் 'ஹொலிவூட்டில் ஈழத்துப் பெண்' என்ற தலைப்பும்தான் வரும். அந்தப் பெருமை பிழையானதல்ல. ஆனால் அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு எழும்புகிற ஒரு பிள்ளைக்கு, அவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது விளங்காது. பிறவித் திறமை, அதிர்ஷ்டம், கனடா என்ற மூன்று சொற்களோடு கதை முடிந்துவிடும். மன்னார் மாவட்டத்தின் தெற்கு முனையில், முசலிக் கரையிலிருந்து இதை எழுதுகிறேன். இங்கே அந்த வழியைப் படிப்படியாகப் பார்க்க வேண்டிய தேவை இருக்கிறது.

குடும்பம் போன பாதை

1983 யூலை வன்முறைகளுக்குப் பிறகு கனடா இலங்கையருக்கெனச் சில விசேட குடிவரவு நடைமுறைகளை அறிவித்தது. அதற்குப் பின்னரான ஆண்டுகளில் வடக்கு, கிழக்குத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எல்லோரும் விமானத்தில் போகவில்லை. 1986 ஓகஸ்டில் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் தத்தளித்தபோது, அவர்களைக் கண்டு கரை சேர்த்தவர்கள் அந்த ஊர் மீனவர்கள். 2009இல் 'ஓஷன் லேடி' கப்பலில் 76 பேரும், 2010இல் 'சன் சீ' கப்பலில் 492 பேரும் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தார்கள். கடலில் தொழில் செய்யும் நமக்கு அந்த எண்களுக்குப் பின்னால் எத்தனை இரவுகள் இருந்திருக்கும் என்பது தெரியும்.

போனவர்களில் பெரும்பகுதியினர் ரொறன்ரோ பெருநகரப் பகுதியில் குடியேறினார்கள். ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன், மிசிசாகா என்ற பெயர்கள் நம்முடைய வீடுகளிலும் அயலூர்ப் பெயர்கள்போல் புழங்கத் தொடங்கியது அப்படித்தான். மைத்ரேயியின் பெற்றோரும் போரிலிருந்து தப்பிக் கனடா சென்றவர்களே.

அவர் பிறந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 2002 பெப்ரவரி 22இல், இங்கே போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. போர் முடிந்த 2009 மே மாதத்தில் அவருக்கு 7 வயது. அந்த மாதத்தில்தான் ரொறன்ரோவின் கார்டினர் அதிவேகப் பாதையில் தமிழர்கள் இறங்கி மறியல் செய்தார்கள். வன்னியில் நடந்தது என்ன என்பதை அந்த நகரமே திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. போரை நேரில் பார்க்காத, ஆனால் போரால் உருவான ஒரு சமூகத்துக்குள் வளர்ந்த தலைமுறை அவருடையது.

அதே காலத்தில் முசலியின் கதை வேறாக இருந்தது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த இந்தப் பிரதேசம் வெறிச்சோடியது. போனவர்களில் பலர் புத்தளத்தில் ஒரு தலைமுறையையே வளர்த்தெடுத்தார்கள். 2007 செப்ரெம்பரில் சிலாவத்துறைப் பகுதியை இராணுவம் கைப்பற்றியபோது முள்ளிக்குளம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய ஊரில் கடற்படை முகாம் எழுந்தது. 2017இல் மக்கள் நடத்திய தொடர் போராட்டத்துக்குப் பிறகே 100 ஏக்கர் காணியை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. போர் ஒரு குடும்பத்தை மிசிசாகாவுக்குத் தூக்கிப்போட்டது. இன்னொரு குடும்பத்தை மலங்காட்டுக்கோ புத்தளத்துக்கோ தூக்கிப்போட்டது. அந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டுதான் அடுத்த பகுதியைப் படிக்க வேண்டும்.

பாடசாலை மேடை

மைத்ரேயி படித்தது மிசிசாகாவிலுள்ள மெடோவேல் உயர்நிலைப் பாடசாலையில். 2019இல் அங்கே படிப்பை முடித்தார். பாடசாலை நாடகங்களில் தொடர்ந்து நடித்தவர், கடைசி ஆண்டில்தான் நடிப்பையே தொழிலாக எடுப்பது என்று முடிவு செய்தார். ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் அரங்கியல் படிக்க அனுமதியும் கிடைத்தது.

இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவருடைய குடும்பத்தில் யாரும் திரைத்துறையில் இல்லை. முகவர் இல்லை, புகைப்படத் தொகுப்பு இல்லை, விளம்பரப் படங்களில் நடித்த பின்னணியும் இல்லை. அவரிடம் இருந்தவை, ஆண்டுதோறும் நாடகம் போடுகிற ஒரு பாடசாலை, பிள்ளை நடிப்பதைக் குடும்ப மானத்தோடு முடிச்சுப் போடாத ஒரு வீடு, பக்கத்தில் ஒரு பொது நூலகம். இவற்றில் எதுவும் ஆடம்பரமான பொருளல்ல.

15,000 பேரில் ஒருவர்

2019 ஏப்ரலில் அமெரிக்க நடிகையும் எழுத்தாளருமான மிண்டி கெலிங், தான் தொடங்கவிருக்கும் தொடருக்குத் தெற்காசியப் பின்னணி கொண்ட ஓர் இளம்பெண் தேவை என்று சமூக ஊடகத்தில் பகிரங்க அழைப்பு விடுத்தார். முன் அனுபவம் தேவையில்லை, யாரும் விண்ணப்பிக்கலாம் என்பதுதான் அந்த அழைப்பின் முக்கியம். மைத்ரேயியின் தோழி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார். இருவரும் உள்ளூர் நூலகத்துக்குப் போய், மைத்ரேயியின் தாயாருடைய கமராவில் நடிப்புக் காட்சியைப் பதிவு செய்து அனுப்பினார்கள். வேடிக்கையாகத்தான் தொடங்கினோம் என்று அவரே பின்னர் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்.

அனுப்பிய காணொளி பிடித்துப்போக, மேலும் சில காணொளிகள் கேட்டார்கள். பிறகு லொஸ் ஏஞ்சல்ஸுக்கு நேரில் அழைத்து, கமராவுக்கு முன்னால் மற்ற நடிகர்களோடு நடிக்க வைத்துப் பார்த்தார்கள். 15,000 விண்ணப்பங்களிலிருந்து அவர் தெரிவான செய்தி 2019 யூலையில் வெளியானது. பல்கலைக்கழக அனுமதியைத் தள்ளிவைத்துவிட்டுப் படப்பிடிப்புக்குப் போனார்.

இந்த வகைத் தேர்வு எப்படி நடக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்காகச் சற்று விளக்கிச் சொல்கிறேன். விண்ணப்பிப்பவர் முதலில் கமராவைப் பார்த்துத் தன் பெயர், வயது, உயரம், வசிக்கும் ஊர் போன்றவற்றைச் சொல்ல வேண்டும். அடுத்து, தயாரிப்பாளர் அனுப்பிய ஒரு சிறு காட்சியை நடித்துக்காட்ட வேண்டும். கமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் மற்றப் பாத்திரத்தின் வசனத்தை வாசிப்பார். பின்னணி வெறுஞ்சுவராக இருந்தால் போதும். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். விலை கூடிய கமராவை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கைபேசியில் எடுத்தாலே போதுமானது. தெரிவு செய்பவர் பார்ப்பது, சொல்லிக்கொடுத்த வசனத்துக்குள் ஓர் உயிருள்ள ஆள் தெரிகிறாரா என்பதைத்தான்.

தேவி என்ற பெண்

'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரின் முதற் பருவம் 2020 ஏப்ரல் 27இல் வெளியானது. மிண்டி கெலிங்கும் லாங் பிஷரும் சேர்ந்து உருவாக்கியது. கதை நடப்பது கலிபோர்னியாவில். தேவி விஸ்வகுமார் என்ற 15 வயது இந்தியத் தமிழ் வம்சாவளிப் பெண்தான் நாயகி. தாய் நளினியாகப் பூர்ணா ஜெகந்நாதனும், தந்தை மோகனாகச் செந்தில் ராமமூர்த்தியும் நடித்தார்கள். கதை சொல்லும் குரல் அமெரிக்க டென்னிஸ் வீரர் ஜோன் மக்கன்ரோவுடையது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பாடசாலைக் காதல், தோழிகள், வீட்டுக் கண்டிப்பு என்று போகும் நகைச்சுவைத் தொடர். ஆனால் கதையின் அடியில் இருப்பது ஒரு சாவு. பாடசாலை இசை நிகழ்ச்சியில் மகள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தந்தை மாரடைப்பால் விழுந்து இறந்துபோகிறார். அந்த அதிர்ச்சியில் தேவியின் கால்கள் செயலிழந்து, மூன்று மாதம் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை. துக்கம் கால்களில் போய் உட்கார்ந்துவிட்டது. கால்கள் திரும்பிய பிறகும் அவள் அந்த இரவைப் பற்றிப் பேச மறுக்கிறாள். உளவள ஆலோசகரிடம் போனாலும் பொடியன்களைப் பற்றித்தான் பேசுகிறாள். கோபப்படுகிறாள், பொய் சொல்கிறாள், தோழிகளைக் காயப்படுத்துகிறாள். முதற் பருவத்தின் முடிவில் தாயும் மகளும் தந்தையின் சாம்பலைக் கடலில் கரைக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் தொடர் எனக்கு மிக அருகில் வந்தது. துக்கம் உடம்பில் இறங்கிய ஆட்களை நாம் ஒவ்வொரு ஊரிலும் பார்த்திருக்கிறோம். வைத்தியசாலையில் எல்லாப் பரிசோதனையும் சரி என்று வந்த பிறகும் கை நடுங்குகிற அம்மாக்கள், இரவில் படுக்கமுடியாத அப்பாக்கள். தேவியின் குடும்பத்துக்குக் கரைப்பதற்குச் சாம்பல் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. ஒரு அமெரிக்க நகைச்சுவைத் தொடர் நம்மை நினைத்து எழுதப்படவில்லை. ஆனாலும் 15 வயதுப் பிள்ளையின் முரட்டுத்தனத்துக்குப் பின்னால் பேசப்படாத ஓர் இழப்பு இருக்கலாம் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. ஆசிரியர்களும் பெற்றோரும் பார்க்க வேண்டிய பகுதி அதுதான்.

மைத்ரேயியின் நடிப்பு பேசப்பட்டதும் இதனால்தான். ஒரே காட்சியில் சிரிப்பிலிருந்து உடைந்துபோவதற்கு அவர் போகும் வேகம், தொழில் பழகிய நடிகைகளுக்கே இலேசானதல்ல. முதல் நான்கு வாரங்களில் 40 மில்லியன் வீடுகள் தொடரைப் பார்த்திருக்கும் என்று நெற்பிளிக்ஸ் அறிவித்தது. 2021இல் அமெரிக்காவின் இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதுகளில் புதிய தொடர்களுக்கான சிறந்த நடிகை பிரிவில் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அதே ஆண்டு டைம் சஞ்சிகை தன் 'டைம் 100 நெக்ஸ்ட்' பட்டியலில் அவரைச் சேர்த்தது. 2021 யூலை, 2022 ஓகஸ்ட், 2023 யூன் என அடுத்த மூன்று பருவங்களும் வந்து, 40 அத்தியாயங்களோடு தொடர் நிறைவுற்றது.

தொடர் மீது விமர்சனங்களும் இருந்தன. முதற் பருவத்தின் பிள்ளையார் பூசை அத்தியாயத்தில், முஸ்லிம் ஒருவரை மணந்ததால் சமூகத்தால் ஒதுக்கப்பட்ட ஒரு பெண் வருகிறார். அவர் தன் முடிவை எண்ணி வருந்துவதாகக் காட்டியது, இருக்கிற தப்பெண்ணத்துக்கு எண்ணெய் ஊற்றுவது என்று பலர் எழுதினார்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாடியில் மீன் நிறுக்கிற முசலியிலிருந்து பார்க்கும்போது எனக்கும் அந்தக் காட்சி உறுத்தியது. அது எழுதியவர்களின் பொறுப்பு. என்றாலும் நம்மவர் நடித்தது என்பதற்காகச் சொல்லாமல் விடக்கூடாது.

சுருங்கிய பெயரும் சுருங்காத பெயரும்

மிண்டி கெலிங்கின் இயற்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். தந்தை தமிழர், தாய் வங்காளி. மேடை அறிவிப்பாளர்கள் சொக்கலிங்கம் என்ற பெயரை உச்சரிக்கத் தடுமாறி, அதைக் கேலியாக்கியதால் பெயரைச் சுருக்கி 'கெலிங்' ஆக்கிக்கொண்டார். 1979இல் பிறந்த ஒருவர் அமெரிக்கத் திரைத்துறைக்குள் நுழையக் கொடுத்த விலை அது.

அவர் தெரிவு செய்த பெண், 'மைத்ரேயி இராமகிருஷ்ணன்' என்ற முழுப் பெயரோடு திரையில் வந்தார். மைத்ரேயி என்பது பிருகதாரண்யக உபநிடதத்தில் வரும் ஞானப்பெண்ணின் பெயர். ஆங்கில வாய்க்கு அது இலேசல்ல. ஆனால் அவர் சுருக்கவில்லை. தன் பெயரைச் சரியாக உச்சரிக்கும்படி நேர்காணல்களிலும் சமூக ஊடகத்திலும் திரும்பத் திரும்பக் கேட்டார், சொல்லிக்கொடுத்தார். இரண்டு தலைமுறைக்கு இடையில் நடந்த மாற்றத்தை இந்த இரண்டு பெயர்களும் காட்டுகின்றன. முதலாமவர் பெயரைச் சுருக்கிக் கதவைத் திறந்தார். திறந்த கதவால் இரண்டாமவர் முழுப் பெயரோடு உள்ளே போனார்.

பெயர் பற்றி நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு எழுத்து, முகாம் பதிவில் மூன்றாவது எழுத்து என்று அலைந்தவர்கள் நாம். ஒரு எழுத்துப் பிழைக்காகக் கச்சேரிக்கும் கொழும்புக்கும் ஏறி இறங்கிய குடும்பங்கள் இன்றும் உண்டு. அதனால் உலகம் முழுக்கப் பார்க்கிற திரையில் ஒரு நீண்ட தமிழ்வீட்டுப் பெயர் வெட்டுப்படாமல் வருவது சின்ன விடயமல்ல.

அவர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்பதும் இதோடு சேர்ந்தது. 'இலங்கையர்' என்பதைவிடத் 'தமிழ்க் கனேடியர்' என்றே தன்னை அடையாளப்படுத்துகிறார். எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி தொடரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அக்கா, அவ எங்கட ஆள்தானே?" ஓம் என்றேன். "அப்ப ஏன் இந்தியப் பிள்ளையா நடிக்கிறா?" என்பது அடுத்த கேள்வி.

நியாயமான கேள்வி. தேவி தமிழ்நாட்டு வேர் கொண்டவள், மைத்ரேயி ஈழத்து வேர் கொண்டவர். அமெரிக்கத் திரைத்துறை இந்த வேறுபாட்டைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, எல்லாம் 'தெற்காசியா' என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடும். நடிப்பு என்பதே தான் அல்லாத ஒருவராக நிற்பதுதான் என்பதும் உண்மை. என்றாலும் நம் கதையை, நம் பேச்சோடு, நம் பிள்ளை ஒருத்தி நடிக்கும் தொடர் இன்னும் வரவில்லை என்பதைத்தான் அந்தக் கேள்வி தொட்டது.

தொடருக்குப் பின்

2022 மார்ச்சில் வெளிவந்த பிக்சார் நிறுவனத்தின் 'டேர்னிங் ரெட்' இயங்குபடத்தில் பிரியா என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். டோமி ஷி இயக்கிய இந்தப் படத்தின் கதை 2002ஆம் ஆண்டின் ரொறன்ரோவில் நடக்கிறது. மைத்ரேயி பிறந்த நகரப் பகுதி, அவர் கைக்குழந்தையாக இருந்த காலம். 'மை லிற்றில் போனி' தொடர் வரிசையிலும் குரல் கொடுத்தார்.

2025இல் இரண்டு திரைப்படங்கள். ஏமி வாங் இயக்கிய 'ஸ்லான்ரட்', வெள்ளைக்காரப் பெண்ணாக மாறுவதற்கு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் ஒரு சீன அமெரிக்க மாணவியின் கதை. மைத்ரேயி அதில் அவளுடைய தோழி. தோலின் நிறத்தையும் அழகையும் பற்றிய இந்தக் கசப்பான படம், அமெரிக்காவின் சவுத் பை சவுத்வெஸ்ற் விழாவில் கதைப்படங்களுக்கான நடுவர் குழுவின் முதற் பரிசைப் பெற்றது. அதே ஆண்டு ஓகஸ்டில் டிஸ்னியின் 'பிரீக்கியர் பிரைடே' வெளிவந்தது. அதில் எல்லா என்ற பாடகியாக நடித்தார். ஒன்று சிறு முதலீட்டுச் சுயாதீனப் படம், மற்றது பெரு நிறுவனத்தின் குடும்பப் படம். இரண்டு வகையிலும் கால் வைப்பது, ஒரே பாத்திரத்துக்குள் அடைபட்டுவிடாமல் இருப்பதற்கான வழி.

படிப்பையும் விடவில்லை. யோர்க் பல்கலைக்கழகத்தில் அரங்கியலுக்குப் பதிலாக மனித உரிமைகள், சமத்துவக் கற்கைகளுக்கு மாறினார். பெண்பிள்ளைகளின் கல்விக்காக வேலை செய்யும் பிளான் இன்டர்நேஷனல் கனடா அமைப்பின் தூதராகவும் 2020இல் இணைந்தார்.

தனியே வந்தவரல்ல

மைத்ரேயிக்கு முன்பே போரின் பிள்ளைகள் சிலர் உலகத் திரையிலும் மேடையிலும் ஏறியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பருவத்தைக் கழித்து இலண்டனுக்கு ஏதிலியாகத் திரும்பிய மாதங்கி அருட்பிரகாசம், 'மாயா' என்ற எம்.ஐ.ஏ., ஏ.ஆர். ரகுமானோடு சேர்ந்து செய்த பாடலுக்காக 2009இல் ஒஸ்கார் பரிந்துரை பெற்றார். எழுத்தாளர் ஷோபாசக்தி, அதாவது அன்ரனிதாசன் யேசுதாசன், நாயகனாக நடித்த 'தீபன்' 2015இல் கான் விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வென்றது. ரொறன்ரோவிலிருந்து லெனின் எம். சிவம் '1999', 'எ கன் அன்ட் எ ரிங்' ஆகிய படங்களைத் தமிழில் எடுத்தார்.

இவற்றில் பெரும்பாலானவை போரையும் புலம்பெயர்வையும் நேரடியாகப் பேசியவை. மைத்ரேயியின் இடம் இங்கேதான் வேறுபடுகிறது. ஏதிலியின் மகள் ஏதிலியாக நடிக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற, காதலிக்கிற, அம்மாவோடு சண்டைபிடிக்கிற ஒரு சாதாரணப் பிள்ளையாக நடித்தார். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சாதாரணமும் ஓர் உரிமைதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020இல் தீபா மேத்தா இயக்கிய 'ஃபனி போய்', 1983 வன்முறையைப் பேசும் ஷியாம் செல்வதுரையின் நாவலிலிருந்து எடுக்கப்பட்ட படம். தமிழ்ப் பாத்திரங்களுக்குப் போதிய தமிழ் நடிகர்கள் இல்லை, பேசிய தமிழ் காதில் குத்துகிறது என்று கனேடியத் தமிழர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். 15,000 பேர் விண்ணப்பித்த அந்தப் பகிரங்க அழைப்பின் அருமை இந்தச் சர்ச்சையைப் பார்த்த பிறகுதான் நன்கு விளங்கும். தேடினால் ஆட்கள் இருக்கிறார்கள். தேடுகிறவர் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

முசலியில் என்ன இருக்கிறது

ஊடகக் கற்கை படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள் என்பதால், பெண்பிள்ளைகள் சிலர் என்னிடம் நடிப்பது, காணொளி எடுப்பது பற்றிக் கேட்பார்கள். கேட்கும்போது குரலைத் தாழ்த்துவார்கள். வீட்டில் தெரிந்தால் பிரச்சினை.

ஆனால் நடிப்பு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மன்னாரின் கத்தோலிக்கக் கிராமங்களில் நாட்டுக்கூத்து தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டது. விடிய விடிய நீளும் அந்தக் கூத்துகளில் பெண் வேடமும் ஆண்களே கட்டினார்கள். அரசி, புனிதை, தாய் எல்லாம் ஆண்கள்தான். பெண்கள் முன்வரிசையில் பாயில் இருந்து பார்த்தார்கள். இடப்பெயர்வு அந்தக் கூத்து மரபையும் சிதறடித்தது. அண்ணாவியார் ஓரிடம், மத்தளம் ஓரிடம், ஏடு இன்னோரிடம்.

இன்று நம்மிடம் மிச்சமிருப்பவற்றையும் எண்ணிப் பார்க்கலாம். 'நாடகமும் அரங்கியலும்' சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஒரு பாடம். தமிழ் மொழித்தினப் போட்டிகளில் நாடகத்துக்கு இடமுண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் அரங்கியலைப் பட்டமாகப் படிக்கலாம். கைபேசி வீட்டுக்கு வீடு இருக்கிறது. குறைவது ஆசிரியர், ஒத்திகைக்கு ஒரு மண்டபம், பின்னேரம் பிள்ளையைப் பாதுகாப்பாக வீட்டுக்குக் கொண்டுவரும் ஒரு பஸ், 'நடி' என்று சொல்லும் ஒரு வீடு. மைத்ரேயிக்குக் கிடைத்த பொருட்களின் பட்டியலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி பெரியதுதான். ஆனால் அது எவையெவற்றால் ஆனது என்று பெயர் சொல்லிக் காட்டக்கூடிய இடைவெளி. பெயர் சொல்லக்கூடியதைப் பிரதேச செயலகத்திடமும் வலயக் கல்வி அலுவலகத்திடமும் பெற்றோர் கூட்டத்திலும் கேட்கலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பகிரங்க அழைப்பு என்ற பெயரில் ஏமாற்றுபவர்களும் உண்டு. உண்மையான தெரிவுக்கு யாரும் பணம் கேட்கமாட்டார்கள். பதிவுக் கட்டணம், புகைப்படக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவரிடம் பெற்றோருக்குத் தெரியாமல் காணொளியோ படமோ கேட்பவர் நல்லவராக இருக்க முடியாது. அழைப்பு நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மைத்ரேயியும் தாயாரின் கமராவோடு, தோழி பக்கத்தில் நிற்க, ஊர் நூலகத்தில்தான் தன் முதற் காட்சியைப் பதிவு செய்தார். நம் பிள்ளை கேட்டால் அந்தக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு எதிர் வசனத்தை வாசிக்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். இப்போதைக்கு நாம் செய்யக்கூடியது அது.